மலைக்கு வந்தால் ஊரோடு ஒத்திருப்பது எப்படி? நீலகிரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீசன் தொடங்கும் முன்பே குன்னூரில் குடியிருக்கும் எங்களுக்குக் கீழிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். எந்த ஏரி, எந்தக் காட்சிமுனை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றிவிட்டு வராமல், ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராக நான்கு நாள் இருக்க ஆசை, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கீழே உள்ளவை அவர்களுக்காக. எங்கள் தண்ணீரையும் சாலையையும் காட்டையும் எங்களைப் போலவே பார்த்துப் பயன்படுத்துகிறவரை யாரும் அந்நியராக நினைப்பதில்லை. பெரும்பாலான பதில்கள் அதைத்தான் விளக்குகின்றன.

ஊர்க்காரர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி. பலர் நீலகிரி மக்கள் என்றாலே தோடர்களை மட்டும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்குடிகள் இந்த மாவட்டத்தில் வாழ்கின்றன. எண்ணிக்கையில் பெரிய சமுதாயம் படுகர்கள். மாவட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கும் அவர்களுடைய ஊர்களுக்கு ஹட்டி என்று பெயர். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் பேசுவோர் நிறைய. இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களையும் மறக்கக் கூடாது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய குடும்பங்கள் அவை. அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் வனத்துறை மூலம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அவைதான் இன்றைய டான்டீ.

இவர்களோடு மேட்டுப்பாளையத்திலிருந்தும் மைசூர்ப் பக்கத்திலிருந்தும் தலைமுறைகளுக்கு முன் ஏறி வந்து கடை வைத்தவர்கள், வெலிங்டன் ராணுவ முகாமைச் சுற்றி வாழ்பவர்கள், அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடும்பங்கள் எல்லாரையும் சேர்த்தால் 2011 கணக்கெடுப்பில் சுமார் 7.35 லட்சம் பேர். ஆகவே ஊர்க்காரரைத் தேடி நீங்கள் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கேரட் மூட்டைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவர் ஊர்க்காரர்தான்.

எந்த மாதம் வந்தால் ஊரை ஊராகப் பார்க்கலாம்?

ஏப்ரலும் மேயும் முதல் சீசன். மலர்க் கண்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் மே மாதத்தில்தான் நடக்கின்றன. பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த வாரங்களில் நாங்களே காய்கறி வாங்கக் கடைவீதிக்குப் போகத் தயங்குவோம். செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசனில் கூட்டம் குறைவு, மனிதர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.

என் விருப்பத்தைக் கேட்டால் டிசம்பர், ஜனவரியைச் சொல்வேன். உதகையிலும் தாழ்வான புல்வெளிகளிலும் விடியற்காலையில் உறைபனி படிந்திருக்கும். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைத்திருப்பார்கள். பனியில் இலை கருகினால் தேயிலை விவசாயிக்கு நட்டம் என்பதையும் அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போய் "என்ன அருமையான பனி!" என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும்.

மழைக்காலம் இடத்துக்கு இடம் மாறும். கூடலூரிலும் உதகையின் மேற்குப் பக்கத்திலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது குன்னூரும் கோத்தகிரியும் சற்று ஓய்ந்திருக்கும். இந்த இரண்டு ஊர்களையும் ஆட்டுவது வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் நடந்த மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. கனமழை எச்சரிக்கை வந்தால் அறை முன்பதிவு செய்த பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

என்ன உடுத்தலாம்?

ஸ்வெட்டர், மஃப்ளர், தேவைப்பட்டால் குல்லா. இவ்வளவுதான் எங்கள் உடை. பனிமலைக்குப் போவதுபோல் கனத்த அங்கி தேவையில்லை. பகல் வெயிலில் அதைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடப்பீர்கள். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிரிலும் வெயில் தோலைச் சுடும். வழுக்காத செருப்போ காலணியோ அவசியம். குடை எந்த மாதமும் கையில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். படம் எடுத்துக்கொள்வதற்காகத் தோடர் சால்வையை வாடகைக்குப் போர்த்திக்கொள்வதோ, படுகப் பெண்களின் வெள்ளை உடையை வேடமாக அணிவதோ ஒத்திருத்தல் ஆகாது. அவை சடங்குக்கும் திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் உரிய உடைகள்.

சொந்த வண்டியா, பஸ்ஸா, ரயிலா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வருகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. ஊர்க்காரரைப் போல வர வேண்டும் என்றால் மேட்டுப்பாளையத்தில் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். ஜன்னலோரம் கிடைத்தால் பர்லியாறு வரை பாக்குத் தோப்பையும் அதற்கு மேல் பள்ளத்தாக்கையும் பார்த்துக்கொண்டே வரலாம். வளைவுகளைப் பற்றிய கவலை ஓட்டுநருடையது.

மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து வருவதற்கு முன்பதிவு கிடைப்பது கடினம். அது கிடைக்கவில்லை என்று வருந்தாதீர்கள். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே ஓடும் ரயில்களும் அதே 46 கிலோமீட்டர் பாதையின் பகுதிதான். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் வந்த பாதை அது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறிலிருந்து குன்னூர் வரை மட்டுமே. அதற்கு மேல் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சாதாரண ரயில்போலவே போகும். இதில் ஊர்க்காரர்களும் ஏறுவார்கள். குகை வரும்போதெல்லாம் குழந்தைகள் கூச்சல் போடுவது வழக்கம், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கதவில் தொங்கிப் படம் எடுப்பவரைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு கலங்குகிறது.

வண்டியில்தான் வருகிறோம். மலைப்பாதையில் என்ன வழக்கம்?

வெளியூர்க்காரர் என்பது முதலில் தெரிவது உடையிலோ பேச்சிலோ இல்லை, ஸ்டியரிங்கில்தான். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஏறும் வண்டிக்கே முதல் வழி. ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கடினம் என்பதால் வந்த வழக்கம் இது. சட்டமும் அதையே சொல்கிறது. இறங்குகிறவர் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிற்க வேண்டும். மேட்டுப்பாளையம்–குன்னூர்ப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பஸ்ஸும் லாரியும் அங்கே சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். எதிரே பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். "இடம் இருக்கிறதே" என்று உள்ளே நுழைகிற ஒரு கார் போதும், இரு பக்கமும் அரை மணி நேரம் எதுவும் அசையாது.

அந்த அரை மணி நேரத்தில் யார் சிக்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் சில சிகிச்சைகளுக்குக் கோவைக்குத்தான் இறங்க வேண்டும். ஆம்புலன்ஸ் இறங்குவதும் இதே பாதையில்தான். சீசனில் ஒரு வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், அந்த வீட்டார் முதலில் கவலைப்படுவது நெரிசலைப் பற்றித்தான். வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு அருவியைப் படம் எடுக்கிறவர் மீது எங்களுக்கு வரும் கோபத்தின் காரணம் இதுதான்.

இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். அவ்வளவு தூரமும் பிரேக்கிலேயே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தி வைத்தால் வெண்மைதான் கண்ணில் அடிக்கும்.

உதகையிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை. காவலர் தடுத்தால் வாதாட வேண்டாம். பல உயிர்கள் போன பிறகு வந்த கட்டுப்பாடு அது. முதுமலை வழியாக மைசூருக்குப் போகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் சாலை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். விலங்குகள் சாலையைக் கடப்பதற்கான நேரம் அது.

குடிநீர் பாட்டில் கொண்டு வரலாமா?

கடையில் விற்கும் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் குடிநீர் பாட்டில்களுக்கும் குளிர்பான பாட்டில்களுக்கும் மாவட்டத்தில் தடை இருக்கிறது. கல்லாறு, குஞ்சப்பனை போன்ற சோதனைச் சாவடிகளில் பார்த்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள். முக்கிய இடங்களில் குடிநீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், நிரப்பிக்கொள்ளலாம். கடைக்குப் போகும்போது துணிப்பை கையில் இருந்தால் கடைக்காரரே உங்களை வேறு விதமாகப் பார்ப்பார்.

இவ்வளவு மழை பெய்யும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா?

ஆமாம். குன்னூருக்கு ரேலியா அணை, உதகைக்குப் பார்சன்ஸ் பள்ளத்தாக்கு அணை என்று நம்பியிருக்கிறோம். கோடையில், அதாவது நீங்கள் வரும் அதே மாதங்களில்தான், பல தெருக்களில் சில நாட்களுக்கு ஒருமுறையே குழாயில் தண்ணீர் வரும். தண்ணீர் வரும் நாளில் யார் வீட்டில் யார் இருப்பார்கள் என்று பெண்கள் முன்பே பேசி வைத்துக்கொள்வார்கள். நீங்கள் தங்கும் விடுதி லாரியில் வாங்கி ஊற்றுகிறது, அதனால் உங்களுக்குத் தட்டுப்பாடு தெரியாது. ஒரு வாளி வெந்நீரில் குளித்துப் பாருங்கள், இந்தக் குளிருக்கு அதுவே சுகம்.

மலை தண்ணீரைப் பிடித்துவைக்கும் முறையையும் தெரிந்துகொள்வது நல்லது. சோலைக்காடும் அதைச் சுற்றிய புல்வெளியும் மழைநீரை உறிஞ்சி, மழை நின்ற பிறகும் ஓடைகளில் மெல்லக் கசியவிடுகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் நட்ட கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. சுற்றிலும் பச்சையாக இருந்தும் குழாய் வறண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து அதன்மேல் வண்டி ஏற்றுகிறவர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தோடர் மந்துக்கும் படுகர் ஹட்டிக்கும் போய்ப் பார்க்கலாமா?

அவை மக்கள் குடியிருக்கும் ஊர்கள். உங்கள் தெருவுக்குள் முன்பின் தெரியாத இருபது பேர் கேமராவோடு வந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும். தெரிந்தவர் ஒருவர் அழைத்தால் போகலாம். அழைக்காமல் போக நேர்ந்தால், முதலில் கண்ணில் படும் பெரியவரிடம் "ஐயா, உள்ளே வரலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

தோடர் கோயில் அரைவட்டக் கூரையும் சிறு வாசலும் கொண்டது. அதைச் சுற்றிய கல்மதிலுக்குள் வெளியார் கால் வைக்கக் கூடாது. தோடர் பெண்களே அதற்குள் போவதில்லை என்றால், உங்களுக்கு விதிவிலக்கு கேட்பது முறையாகாது. எருமைகள் அவர்களுக்குப் பால் தரும் கால்நடை மட்டும் அல்ல, வழிபாட்டின் நடுவே நிற்பவை. பக்கத்தில் போய்க் கொம்பைப் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். மரபாகத் தோடர்கள் சைவ உணவுக்காரர்கள். மந்துக்கு அருகே உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரிப்பது அவர்களை நோகடிக்கும்.

ஹட்டிகளில் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும், முன்னால் பொது முற்றம் இருக்கும். இளையவர் தலைகுனிய, பெரியவர் தலையில் கை வைத்து வாழ்த்துவதைப் பார்ப்பீர்கள். மார்கழி, தை ஒட்டி நடக்கும் ஹெத்தையம்மன் திருவிழாவுக்குப் பேரகணியில் ஆயிரக்கணக்கானோர் வெண்ணிற ஆடையில் கூடுவார்கள். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. வெளியூர்க்காரர்கள் வந்து வணங்குவதில் தடை இல்லை. செருப்பைத் தொலைவிலேயே கழற்றிவிடுங்கள், எளிமையான உடையில் வாருங்கள், ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் இடத்தில் நில்லுங்கள். ஆடுகிறவர்கள் கைகாட்டி அழைத்தால் வட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். காலடி எளிது, யாராவது சொல்லிக்கொடுப்பார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் இறங்கிப் படம் எடுக்கலாமா?

சாலையோரம் வேலி இல்லாமல் கிடப்பதால் பொது இடம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஒரு சிறு விவசாயியின் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோதான். கொழுந்து பறிக்கும் மட்டத்தில் ஒருவர் சாய்ந்தால் அங்கே கிளை முறிகிறது, அந்தச் சுற்றுக்கு இலை குறைகிறது. கவாத்து செய்த தோட்டமென்றால் வெட்டிய குச்சிகள் காலைக் கிழிக்கும்.

இலை எடுக்கும் பெண்களைப் படம் எடுக்க வேண்டுமானால் "அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். அவர்களுக்கு எடை போடும் நேரத்துக்குள் கிலோ சேர வேண்டும். கூடையை வாங்கி உங்கள் தலையில் மாட்டிப் பார்க்க அவர்களின் நேரத்தை எடுக்காதீர்கள். மாறாக, மாலையில் டீக்கடையில் உட்காருங்கள். பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் என்ன விலை அறிவித்தார்கள், தொழிற்சாலை என்ன கொடுக்கிறது என்ற பேச்சு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். "கட்டுப்படியாகிறதா ஐயா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், ஒரு மணி நேரம் உங்களோடு பேசுவார்கள். இந்த மலையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

காட்டெருமை எதிரே வந்தால்?

குன்னூரிலும் கோத்தகிரியிலும் அது வீட்டு வாசலுக்கே வரும். ஒரு டன் வரை எடை இருக்கும் விலங்கு. நாங்கள் செய்வது எளிது: நின்றுவிடுவோம், சத்தம் போடமாட்டோம், அது போக வழி விட்டுக் காத்திருப்போம். செல்ஃபி எடுக்க நெருங்கியவர்கள் முட்டுப்பட்டிருக்கிறார்கள். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் ஏறி வரும். வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். கோயில் விளக்கெண்ணெயைத் தேடிக் கரடிகள் கதவை உடைப்பதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. ஆகவே மிச்சச் சோற்றை வெளியே வீசுவது, குரங்குக்கு பிஸ்கட் போடுவது இரண்டும் கூடாது. நீங்கள் கிளம்பிப் போன பிறகு அந்தக் குரங்கு எங்கள் சமையலறைக்கு வருகிறது.

அனுமதியில்லாமல் மலையேறலாமா?

கூடாது. காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். வழிகாட்டிகளில் பலர் பழங்குடி இளைஞர்கள். அவர்கள் வாயைத் திறக்கும்வரை காத்திருந்தால் ஒவ்வொரு செடிக்கும் ஒரு கதை கிடைக்கும்.

எங்கே, என்ன சாப்பிடலாம்?

டீயும் வர்க்கியும். அடுக்கடுக்காகப் பொரபொரவென்று இருக்கும் வர்க்கியைப் பேக்கரியில் சூடாக வாங்கி, டீயில் தோய்த்துச் சாப்பிடுங்கள். மதியத்துக்கு மார்க்கெட்டை ஒட்டிய சிறு மெஸ். படுகர் வீட்டில் விருந்துக்கு அழைத்தால் அவரைக் குழம்பும் ராகி களியும் பொத்திட்டும் கிடைக்கலாம், மறுக்காமல் உட்காருங்கள். தங்கும் வீடுகளில் சாப்பாடு தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும்.

எந்த மொழியில் பேசுவது? இரவில் என்ன செய்வது?

தமிழ் எல்லா இடத்திலும் செல்லும். அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள். இரவு எட்டு, ஒன்பது மணிக்குள் கடைவீதி அடங்கிவிடும், கிராமங்களுக்கான கடைசி பஸ்ஸும் போய்விடும். பள்ளத்தாக்கில் ஒலிபெருக்கி வைத்தால் எதிர்மலை வரை கேட்கும். விடியலில் இலை எடுக்கப் போகிறவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

திரும்பும்போது என்ன வாங்கிப் போகலாம்?

தேயிலை வாங்கினால் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கான இன்ட்கோசர்வ் விற்பனை நிலையத்திலோ, டான்டீ கடையிலோ வாங்குங்கள். தோடர் பூவேலைச் சால்வைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல் எண்ணிப் போடும் வேலை அது; ஒரு சால்வை முடியப் பல வாரம் ஆகும். பூவேலை செய்தவரிடமோ அவர்கள் சங்கத்திடமோ வாங்குங்கள், விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். கேரட், பீட்ரூட், பூண்டு மூன்றும் நகராட்சி மார்க்கெட்டில் காலையில் வாங்கினால் புதிதாக இருக்கும். காட்டுச் செடி, பாசி, ஆர்க்கிட் எதையும் பிடுங்கி எடுத்துப் போக வேண்டாம். வர்க்கியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், கீழே உள்ள ஈரக் காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும்.